கம்ப்யூட்டருக்கு அலங்காரம்

மடிக்கணினியைத் திறந்த கணக்கர், திறந்த வேகத்திலேயே மூடினார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி திறந்தார்.

வழக்கமாக அங்கே இருக்கும் வெறும் நீலத் திரையைக் காணோம். ஒரு நீராவி ரயில் புகை கக்கியபடி மலையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மூலையில் தட்டு அளவுக்கு ஒரு கடிகாரம். எழுத்துகள் ஒவ்வொன்றும் கடைப் பெயர்ப்பலகையில் இருப்பதுபோல் பெரிதாக இருந்தன. திரை முழுக்க இறைந்து கிடக்க வேண்டிய கோப்புகளெல்லாம் 'வேலை' என்ற ஒரே பெட்டிக்குள் அடக்கமாகப் போய் உட்கார்ந்திருந்தன.

கணக்கருக்கு விஷயம் விளங்கிவிட்டது. சிரிப்புத் தாங்கவில்லை.

"மாட்டினாளா மகராணி!" என்று ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சொன்னார். "அவளோடதை வெச்சிட்டு என்னோடதைத் தூக்கிட்டுப் போயிட்டா!"

ஃப்ரிட்ஜிடம் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு வாரமாக அந்த வீட்டில் பேச்சுவார்த்தை எல்லாம் அதன் வழியாகத்தான் நடந்தது. "சாப்பாடு மேஜை மேல இருக்கு" என்று மனைவி ஃப்ரிட்ஜிடம் சொல்வாள். "எனக்கு ஒண்ணும் பசிக்கல" என்று இவரும் ஃப்ரிட்ஜிடம் சொல்லிவிட்டு, இரண்டு முறை போட்டுச் சாப்பிடுவார்.

எல்லாம் இந்த மடிக்கணினியால் வந்த வினை. தள்ளுபடியில் ஒரே மாதிரி இரண்டு வாங்கியிருந்தார்கள். நிறம் ஒன்று, உறை ஒன்று, திறந்தால் அதே நீலத் திரை. போன வாரம் கணக்கர் அவசரத்தில் மனைவியுடையதைத் தூக்கிக்கொண்டு தான் வேலை பார்க்கும் லாரி கம்பெனிக்குப் போய்விட்டார். அவள் பிஸ்கட் டப்பாக்களுக்கு லேபிள் வரைகிறவள். வாடிக்கையாளர் முன்னால் பையைத் திறந்து, லேபிளைக் காட்டுவதற்குப் பதிலாக லாரி டயர் கணக்கைக் காட்டியிருக்கிறாள்.

"ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?" என்று அன்று மாலை அவள் கேட்டாள்.

மன்னிச்சுடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. "ஊருக்கெல்லாம் டப்பாவை அழகு பண்ற. உன் கம்ப்யூட்டரை மட்டும் அடையாளம் தெரியற மாதிரி மாத்தி வெச்சுக்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டார். அதோடு ஃப்ரிட்ஜுக்கு வேலை வந்தது.

இன்று லாரி கம்பெனியில் வெள்ளையடிப்பு என்பதால் அவர் வீட்டில் இருந்தார். மனைவி மட்டும் வேலைக்குப் போயிருந்தாள். அதாவது, அவர் சொன்னபடியே அவள் தன் கணினியை மாற்றி வைத்திருக்கிறாள். மாற்றி வைத்தும் இன்று தப்பானதைத் தூக்கிப் போயிருக்கிறாள்! மாலையில் வரட்டும், இதே கேள்வியைத் திருப்பிக் கேட்டுவிடலாம் என்று கணக்கர் கையைத் தேய்த்துக்கொண்டார்.

ஆனால் பார்க்கப் பார்க்க அவர் மனசு இளகியது. இவ்வளவு பெரிய எழுத்து எதற்கு? பாவம், அவளுக்குப் பார்வை மங்கிவிட்டது போலிருக்கிறது. பக்கத்திலேயே இருந்தும் தனக்குத் தெரியவில்லையே! அப்புறம் அந்த ரயில். அவருக்குத்தான் ரயில் என்றால் உயிர். அவரோடு வாழ்ந்து வாழ்ந்து அவளுக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிவிட்டதா?

அப்போது திரையில் ஒரு சின்னக் கட்டம் எழும்பியது. 'முதுகை நிமிர்த்தி உக்காருங்க' என்றது. கணக்கர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். தனக்குத்தானே இவ்வளவு மரியாதை கொடுத்துக்கொள்ளும் பெண்ணை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

ஒரு முடிவுக்கு வந்தார். திட்டுவதில்லை. அவளுக்குப் பிடித்த ஊதா நிறத்தில், அவள் அசந்துபோகிற மாதிரி இந்தத் திரையை மாற்றிக் கொடுத்துவிடுவது. வாயைத் திறக்காமலே மன்னிப்புக் கேட்டதாகக் கணக்கு எழுதிக்கொள்ளலாம். கோப்புகள் இருக்கும் பெட்டியை மட்டும் தொடக்கூடாது. போன வாரமே, தன் படங்களைத் திறந்து பார்த்தாரா என்று அவள் ஃப்ரிட்ஜைக் குறுக்கு விசாரணை செய்துவிட்டாள்.

யோசனை கேட்க ஆள் வேண்டும். மனைவியின் தம்பி இரண்டு தெரு தள்ளிக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஆனால் அவன் ஓட்டை வாய், உடனே அக்காவிடம் போய் ஒப்பித்துவிடுவான். அதனால் கணக்கர் தன் அலுவலக நண்பரைக் கூப்பிட்டார். எந்தப் பொருளைப் பற்றிக் கேட்டாலும் கருத்துச் சொல்வதால் அவருக்கு 'நிபுணர்' என்று பெயர்.

"கம்ப்யூட்டரை அழகு பண்ற சாஃப்ட்வேரா? ஆயிரம் இருக்கு" என்றார் நிபுணர். "உங்களுக்குத் திரை மட்டும் மாறணுமா, ஐகானும் மாறணுமா?"

"எல்லாமே மாறட்டும். ஊதா கலர்."

"அப்ப ஒண்ணு சொல்றேன், கண்ணை மூடிக்கிட்டு இறக்குங்க."

கணக்கர் இறக்கினார். ரயில் மறைந்து ஊதாப் பூக்கள் பூத்தன. பட்டன்கள் ஊதா, ஓரங்கள் ஊதா. அழகுதான். ஆனால் எழுத்துகளும் ஊதாவாகிவிட்டதால் எதுவும் படிக்க முடியவில்லை.

"எழுத்தே தெரியலையே!"

"அதுக்குத் தனியா ஒண்ணு இருக்கு. அதைப் போட்டா ஐகான் எல்லாம் எடுப்பாத் தெரியும்."

தெரிந்தன. எல்லா ஐகான்களும் வரிசையாகக் கைகோத்து, திரையின் நடுவே ராட்டினம் சுற்ற ஆரம்பித்தன. 'வேலை' பெட்டியும் அதில் ஏறிக்கொண்டது. கணக்கர் ஒன்றைக் குறிவைத்து அழுத்தினால், அது நகர்ந்து அடுத்தது திறந்தது. நிறுத்து என்ற பட்டனும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"நிபுணரே, எனக்குத் தலை சுத்துது!"

"பதறாதீங்க. எல்லாத்தையும் பழையபடி அமைதியாக்க ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. பேரே அமைதி. மனசுக்கு இதமா இருக்கும்."

பூனை சுண்டெலியைப் பிடிப்பதுபோல் பதுங்கிப் பாய்ந்து, கணக்கர் அதையும் ஒருவழியாக இறக்கினார். ராட்டினம் நின்றது. அம்புக்குறி பட்டாம்பூச்சியாகி, எங்கே இழுத்தாலும் தனக்கு இஷ்டமான இடத்தில் போய் உட்கார்ந்தது. அடுத்த நொடி திரைக்குள் மழை கொட்டியது. ஒலியைக் குறைக்கும் ஐகானைத் தொடப் போனார். பட்டாம்பூச்சி வழுக்கி, ஒலியைக் கூட்டும் பக்கம் போய் உட்கார்ந்தது. வீடே அதிர இடி இடித்தது.

மாடிப்படியில் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுக்காரம்மா மொட்டை மாடித் துணியை எடுக்கக் காலிக் கூடையோடு ஏறி வந்து, இவர் வாசலில் மூச்சு வாங்க நின்றாள்.

"உங்க துணியும் காயுது சார், மழை கொட்டுது! சத்தம் கேக்கல?"

"கேக்குதும்மா. ஆனா உள்ளதான் பெய்யுது."

அந்த அம்மா வெயில் அடிக்கும் தெருவைப் பார்த்தாள். பிறகு கணக்கரைப் பார்த்தாள். "வீட்ல அம்மா எப்ப வருவாங்க?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, கூடையை அணைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

நிபுணரைக் கூப்பிட்டால் அவர் எடுக்கவில்லை. பட்டனை அழுத்தி அணைத்தால், உயிர் வந்ததும் முதல் வேலையாக மழை பெய்தது. கணக்கர் ஒரு போர்வையைக் கொண்டுவந்து கணினியைச் சுற்றினார். இப்போது தூரத்தில் பெய்வதுபோல் கேட்டது. மனைவி வரும் நேரமாகிவிட்டது. அவளுடைய லேபிள்கள் என்ன ஆயினவோ? வாடிக்கையாளர் இன்னொரு தடவை பொறுப்பாரா? ஃப்ரிட்ஜோடு பேசுவதையும் அவள் நிறுத்திவிட்டால் இந்த வீட்டில் என்னதான் சத்தம் இருக்கும்? அதை நினைத்தபோது அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. வேறு வழியில்லாமல் மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"உடனே வீட்டுக்கு வா. ஒரு கம்ப்யூட்டர்ல மழை பெய்யுது, நிக்க மாட்டேங்குது."

"எந்தக் கம்ப்யூட்டர்ல, அத்தான்?"

"கேள்வி கேக்காத, ஓடி வா!" என்று வைத்துவிட்டார்.

அவன் ஓடித்தான் வந்தான். ஆனால் வழியில் அக்காவைப் பார்த்துவிட்டதால், கூடவே அவளும் ஓடி வந்தாள். இருவரும் வாசலில் நின்று, சோபாவின் மேல் போர்வை போர்த்திக்கொண்டு இடி இடிக்கும் மூட்டையைப் பார்த்தார்கள்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. கணக்கர் எழுந்து, ஃப்ரிட்ஜ் இருக்கும் பக்கம் திரும்பாமல் நேரே மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"நீ இன்னிக்கு மாத்தி எடுத்துட்டுப் போயிட்ட. சரி, சண்டை போட வேணாம், உன் கம்ப்யூட்டரை அழகு பண்ணிக் குடுப்போம்னு ஆரம்பிச்சேன். நாசம் பண்ணிட்டேன். உன் கண்ணு வேற சரியில்ல, அதைக்கூட நான் கவனிக்கல." எச்சிலை விழுங்கினார். "மன்னிச்சுடு. இதுக்கும் சரி, போன வாரத்துக்கும் சரி."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதும் அவள் கண் கலங்கியது. பிறகு கிட்டே வந்து போர்வையை விலக்கிப் பார்த்தாள். ஊதாப் பூக்களின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பட்டாம்பூச்சி குப்பைத்தொட்டியின் மேல் சிறகடித்தது.

முதலில் அவள் தோள் குலுங்கியது. கணக்கர் அவள் அழுகிறாள் என்று நினைத்துப் பதறி, தண்ணீர் கொண்டுவர ஓடினார். திரும்பி வந்தபோது அவள் சோபாவில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட நேரா பேசிட்டீங்க" என்று அவரைப் பார்த்தே சொன்னாள், ஒரு வாரத்தில் முதல் தடவையாக. "எனக்கு அது போதும். டேய், மிச்சத்தை நீயே சொல்லுடா, என்னால முடியல."

மைத்துனன் தலையைச் சொறிந்தான்.

"அக்காவோட கம்ப்யூட்டர் அக்கா பையிலதான் இருக்கு அத்தான். இது உங்களுது. நேத்து ஞாயித்துக்கிழமை நீங்க தூங்கிட்டிருந்தப்ப என் கடைக்கு எடுத்துட்டு வந்து, அன்னிக்குக் கோவமாப் பேசினதுக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வாய் வராம, உங்களுக்குப் பிடிச்ச மாதிரி பாத்துப் பாத்து அக்கா பண்ணி வெச்ச அலங்காரத்தைத்தான் இவ்வளவு நேரம் அழிச்சிட்டிருந்தீங்க."