அக்கா வீட்டு மாடியில் நான் நிறுத்திய ஸ்டாண்டு

ஒரு குடும்பத்தில் முதன்முதலாக ஒருவன் எஞ்சினியரிங் சேர்ந்துவிட்டால், அவனுக்குத் தெரியாதது எதுவும் இருக்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். மிக்சி ஓடவில்லையா, அவனைக் கூப்பிடு. டிவியில் புள்ளி புள்ளியாக வருகிறதா, அவனைக் கூப்பிடு. நான் படித்தது சிவில். ஆனாலும் படாளத்தில் எங்கள் தெருவில் நான் திறந்து பார்க்காத மிக்சி கிடையாது. (மூடத்தான் தெரியாது.) அவர்கள் என்னை நம்பியதைக்கூட மன்னித்துவிடலாம். நானும் நம்பிவிட்டேன்.

நான் மூன்றாம் வருடம் படிக்கும்போது அக்கா திருக்கழுக்குன்றத்தில் வீடு கட்டினாள். அவள் கணவருக்கு, அதாவது என் மாமாவுக்கு, ஒரே ஒரு ஆசை: ஷவர்.

"தண்ணி சொட்டக் கூடாது மச்சான். கொட்டணும்."

கொட்ட வேண்டுமென்றால் மொட்டை மாடித் தொட்டியை இன்னும் உயரமாகத் தூக்கி வைக்க வேண்டும். அதற்கு இரும்பில் ஒரு ஸ்டாண்டு தேவை.

"வூட்லயே ஒரு எஞ்சினியரு கீறான். நாம ஏன் வெளிய போயி கேக்கணும்?" என்றார் மாமா. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கணக்குப் போட்டேன். தொட்டி நிறைந்தால் அரை டன். அதைத் தாங்க நான்கு கால்கள். நான் தேர்ந்தெடுத்த இரும்பு அதைப் போலப் பத்து மடங்கு தாங்கும். யானையையே ஏற்றலாம் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். (யானை அசையும் என்பது அப்போது தோன்றவில்லை.)

வழக்கமாக இந்த மாதிரி ஸ்டாண்டுகளில் கால்களுக்கு நடுவே பெருக்கல் குறி போலக் குறுக்குக் கம்பிகள் இருக்கும். நான் அவற்றை எடுத்துவிட்டேன். எடை கீழ்நோக்கி இறங்குகிறது, கால்கள் நேராக நிற்கின்றன, நடுவில் குறுக்கே இவர்களுக்கு என்ன வேலை? பார்க்கவும் லட்சணமாக இல்லை. வெல்டிங் கடைக்காரருக்கு ஏக சந்தோஷம். கம்பியும் மிச்சம், வேலையும் மிச்சம். "சூப்பரா கீது சார்," என்றார். வாழ்க்கையில் என்னை முதன்முதலாக 'சார்' என்று அழைத்தவர் அவர்தான். அதற்குப் பிறகு டிசைனை மாற்ற மனசு வருமா?

வீடு குடிபோகும் நாள் வந்தது. பாஸ்டர் ஜெபம் செய்து முடித்தார். சாப்பாட்டுக்கு முன் ஒரு குரூப் போட்டோ என்று, போட்டோகிராபர் வாசல் படியில் ஏறி நின்றுகொண்டு, எல்லோரையும் வீட்டைப் பார்த்தபடி எதிரே நிறுத்திக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அக்காவின் மாமியார் என்னைக் கூப்பிட்டார். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

"மாடில இன்னாமோ கட்டிக்கீறியாமே. வா, காட்டு."

மேலே போனோம். மாமல்லபுரம் பக்கமிருந்து கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. தொட்டியில் முக்கால்வாசி தண்ணீர்.

"இன்னாடா, லேசா ஆடுற மாதிரி கீது?"

"அது காத்து அத்தே."

"காத்து அடிக்குது, சரி. ஆடுறது எது?"

நல்ல கேள்வி. பதிலைச் செயலிலேயே காட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஸ்டாண்டின் ஒரு காலைத் தட்டிக் காட்டிவிட்டு, ஸ்டைலாகத் தோளைக் கொடுத்துச் சாய்ந்து நின்றேன்.

ஸ்டாண்டும் சாய்ந்தது.

பதறிப்போய் இழுத்தேன். இந்தப் பக்கம் வந்தது. உள்ளே தண்ணீர் தளும்பி, மறுபடி அந்தப் பக்கம் தள்ளியது. "அத்தே, புடிங்க அத்தே."

"நான் இன்னாத்துக்குப் புடிக்கணும்? யானையே ஏறும்னியே?" என்று சொல்லிக்கொண்டே பட்டுப்புடவையோடு ஒரு காலைப் பிடித்தார். அடுத்த ஆட்டத்தில் அவரே என் சட்டையைப் பற்றி ஓரமாக இழுத்துவிட்டார்.

ஸ்டாண்டு மடக்குக் கட்டில் போல மெதுவாக மடிந்து படுத்தது. ஒரு கால்கூட உடையவில்லை. தொட்டி கைப்பிடிச் சுவரில் போய்ச் சாய்ந்து நின்றுவிட்டது, கடவுள் புண்ணியம். ஆனால் மூடி கழன்றுவிட்டது. வாய் வாசல் பக்கம் இருந்தது.

எட்டிப் பார்த்தேன். சொந்தபந்தம் மொத்தத்துக்கும் இரண்டாவது ஞானஸ்நானம் நடந்திருந்தது, பாஸ்டர் உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைக்கக் காய்ந்த துணி தேடிக்கொண்டிருந்தார். அண்டா மூடியிருந்ததால் பிரியாணி தப்பித்தது. தயிர் வெங்காயம் மிதந்தது. புகுந்த வீட்டுச் சனத்துக்கு நடுவே அக்கா நனைந்த புடவையோடு நின்று என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், எனக்கு எல்லாமே தெரியும். முந்தைய செமஸ்டரில் இதே கேள்விதான். நான்கு குச்சிகளை முனைகளில் ஆணியடித்துச் சதுரமாக்கினால், பக்கவாட்டில் தள்ளும்போது சரிந்துவிடும். எந்தக் குச்சியும் உடைய வேண்டியதில்லை. குறுக்கே ஒன்று போட்டால் இரண்டு முக்கோணங்கள் ஆகிவிடும். அப்புறம் ஒரு குச்சியாவது முறியாமல் வடிவம் மாறாது. படம் போட்டு, காற்று, நிலநடுக்கம், தளும்பும் நீர் என்று பக்கவாட்டு விசைகளுக்கு அம்புக்குறி போட்டு, அடிக்கோடும் போட்டு எழுதியிருந்தேன். முழு மதிப்பெண். விடைத்தாளைக் கொடுக்கும்போது விஷயத்தையும் அதோடு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அத்தை என் கை கால்களைப் பிடித்துப் பார்த்தார். அடி ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகு கேட்டார்:

"எப்ப படிப்பு முடிக்கிற?"

"அடுத்த வருசம் அத்தே."

"அவசரமில்ல. மெதுவாவே முடி. ஊர்ல எல்லாம் இன்னும் நல்லாத்தான் நின்னுகினு கீது."

அவர் சொன்னதை மனதில் வைத்தோ என்னவோ, படிப்பு முடிந்ததும் நான் நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். அங்கே எது விழுந்தாலும் யாரும் நனைவதில்லை.

ஆனால் அந்தப் போட்டோகிராபர் சன்ஷேடுக்கு அடியில் நின்றிருந்தார். அன்று கீழே நனையாத ஒரே ஆள். மாடியில் நாங்கள் போட்ட கூச்சலுக்கு எல்லோரும் தலை தூக்கியபோது சரியாக ஒரு கிளிக். அது பெரிதாகச் சட்டம் போட்டு அக்கா வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. பட்டும் நகையுமாக அத்தனை பேர், வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்க்கிறார்கள். ஒருவர்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை.

புதிதாக வருகிறவர்கள் கட்டாயம் கேட்பார்கள்: "இன்னா, எல்லாரும் மேலயே பாத்துகினு கீறீங்க? ஹெலிகாப்டரா?"

அக்கா காபியை நீட்டியபடி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லுவாள்:

"இல்லீங்க. எந்தம்பி படிச்ச படிப்பு. எறங்கி வந்துகினு கீது."