எட்டு சிலிண்டர் எஞ்சினும் குருசாமியின் நடத்தையும்

திருப்பூர்,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை மகுடேஸ்வரன் அவர்களுக்கு, மைத்துனன் பழனிமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் சம்சாரம் மயிலாத்தாளும் சுகம், என் ரத்த அழுத்தம் மட்டும் சுகமில்லை. அங்கு நீங்களும் தங்கச்சி சித்ரகலாவும் உங்கள் பன்னிரண்டு லாரிகளும் பழனியாண்டவர் புண்ணியத்தில் ஒரு பஞ்சரும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். நான் போனை எடுத்தாலே இந்த பனியன் கம்பெனியில் தையல் மிஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கின்றன. அது ஏன் நிற்க வேண்டும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

போன வாரம் நீங்கள் ஒரு விஷயம் கேட்டிருந்தீர்கள். என்னிடம் கார் எஞ்சின் வேலை பார்க்கும் குருசாமி, உங்கள் வெள்ளகோவில் லாரிப் பட்டறைக்குத் தலைமை மெக்கானிக்காக வரட்டுமா என்று கேட்டிருக்கிறார், ஆள் எப்படி, நீங்கள் சரி என்றால் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் ஊட்டையும் குடியிருக்கக் கொடுத்துவிடுகிறேன் என்றீர்கள். விருதுநகர்ப் பக்கத்து ஆள், சம்சாரம் ராக்கம்மாள் நம்மிடமே செக்கிங்கில் இருக்கிறாள், இரண்டு பெண் பிள்ளைகளோடு ஒற்றை அறையில் இருக்கிறார்கள், உங்கள் வேலை கிடைத்தால் அவர்களுக்கு விடிவுகாலம், எல்லாம் எனக்கும் தெரியும். என் பதில் ஒரே வார்த்தை, வேண்டாம். காரணத்தைச் சொல்லாவிட்டால் நீங்கள் என்னையே சந்தேகப்படுவீர்கள் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

குன்னூரில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது நான் வாங்கிய அந்த அமெரிக்கக் காரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், படுத்த எருமை நீளம் இரண்டு வரும். அதற்குள் எந்தப் புண்ணியவானோ டிராக்டர் எஞ்சினை வைத்திருந்தான். ஆதியில் இருந்த மாதிரி ஏழு லிட்டர், எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை வைத்து, அதுவும் சிக்கனமாகக் கட்டி, ரோட்டில் ஓட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. கோயம்புத்தூர்ப் பழைய இரும்புக் கடையில் அந்த எஞ்சின் துருப்பிடித்துக் கிடந்ததைக் கண்டுபிடித்ததே குருசாமிதான். அங்கேயே எனக்கு முதல் சந்தேகம் வந்தது, இத்தனை பேர் கண்ணில் படாதது இந்த ஆள் கண்ணில் மட்டும் எப்படிப் பட்டது? அடுத்து, பிரித்துப் பார்த்துவிட்டு, "கிராங்க் நல்லாருக்கு அண்ணாச்சி, மாத்த வேண்டாம். பெரிய கேம் ஷாஃப்ட் எல்லாம் ரேஸுக்காரங்களுக்கு. நீங்க அவிநாசி ரோட்டுல சிக்னலுக்குச் சிக்னல் நிக்கப் போறீங்க, பழைய ஒத்தைக் கார்புரேட்டரே போதும்" என்றார். மாப்பிள்ளை, நாற்பது வருஷமாக வண்டி வைத்திருக்கிறேன், போதும் என்று சொன்ன மெக்கானிக்கை நான் கண்டதில்லை. செலவு வைக்கிற மெக்கானிக்கை நம்பலாம், அவன் என்ன எடுக்கிறான் என்று தெரியும். செலவைக் குறைக்கிறவன் எங்கே எடுக்கிறான் என்பதே தெரியவில்லையே.

அதனால் நான் நம்ம ஊர் முறையைக் கையில் எடுத்தேன். பனியனுக்கு நூல் ஒரு இடம், நிட்டிங் ஒரு இடம், டையிங் ஒரு இடம், தையல் ஒரு இடம் என்று ஜாப் ஒர்க் கொடுத்துத்தானே பிழைக்கிறோம், ஒருத்தனுக்கும் முழு ஆர்டர் தெரியாது, தெரிந்தால் அவனே நேராக வெளிநாட்டுப் பையரிடம் போய்விடுவான். அதே மாதிரி எஞ்சின் பிளாக்கை ஒரு லேத்துக்கும், உள்ளே சுழல்கிற கிராங்க் தண்டை இன்னொரு லேத்துக்கும், பிஸ்டனைப் பிடிக்கிற கனெக்டிங் ராடு எட்டையும் அவற்றைக் கிராங்கோடு பூட்டுகிற மூடிகளோடு மூன்றாவது லேத்துக்கும் தனித்தனி டெலிவரி சலானில் அனுப்பினேன். அனுப்புவதற்கு முன்னால் பார்க்கிறேன், ஒவ்வொரு ராடிலும் அதன் மூடியிலும் ஒன்று, இரண்டு என்று எட்டு வரை நம்பர் அடித்திருக்கிறது. பிரித்த அன்றைக்கு குருசாமி அடித்தது. எனக்குப் புரியாதா? லேத்துக்காரனுக்குச் சங்கேதம், எட்டு என்றால் எட்டாயிரம் வாங்கு, எனக்குப் பாதி கொடு. பையர் பெயர் தெரியக் கூடாது என்று பனியனில் லேபிளை வெட்டிவிட்டுத்தானே ஜாப் ஒர்க்குக்கு அனுப்புகிறோம், அதுபோல ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நேரம் நானே கிரைண்டரைப் பிடித்துப் பதினாறு நம்பரையும் வழவழவென்று தேய்த்துவிட்டேன். திரும்பி வந்த சாமானைப் பார்த்ததும் அந்த ஆள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "நம்பர் எங்க போச்சு அண்ணாச்சி?" முகம் வெளுத்துப்போச்சு. மாட்டிக்கொண்டவன் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். "லேத்துல கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிஸ்டன் விஷயத்திலும் என்னிடம் எதிர்ப்பேச்சு. எந்த ஆர்டருக்கும் ஐந்து சதவீதம் கூடுதலாக வெட்டினால்தானே ரிஜெக்ஷன் போக கணக்கு நேராகும்? எட்டு பிஸ்டனுக்கு ஐந்து சதவீதம் ஒரு பிஸ்டன்கூட ஆகவில்லை, ஆனாலும் எட்டே போதும் என்றவரிடம் ஒன்பதாக வாங்குங்கள் என்றேன். கடைக்காரன் எட்டெட்டாகத்தான் கொடுப்பானாம், பதினாறு வாங்க வேண்டியதாயிற்று. சிக்கனத்துக்கு வந்த கேடு அது ஒன்றுதான், அதையும் நான்தான் செய்தேன் என்று மயிலாத்தாள் சொல்கிறாள், அவளை யார் தூண்டிவிட்டார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பிளாக்கை, பனியனில் ஓட்டை பார்க்கிற செக்கிங் டேபிளில் ஏற்றி, டேமேஜ் இருக்கும் இடத்தில் எல்லாம் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னேன். இரண்டு பெண்கள் நாற்பத்தொரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். குருசாமி உட்கார்ந்து நாற்பத்தொன்றையும் நகத்தால் உரித்து எடுத்தார். குற்றம் இல்லாதவனாக இருந்தால் ஒரு தடவையாவது கோபப்பட்டிருக்க வேண்டாமா?

கடைசியாக நடந்ததைக் கேளுங்கள். ராடையும் மூடியையும் மேஜை மேல் பரப்பி வைத்துக்கொண்டு இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். ஷிப்மென்ட் தேதி வைக்காவிட்டால் எவனும் முடிக்க மாட்டான் என்று, போன புதன்கிழமை அவர் சாப்பிடப் போன நேரத்தில், நம்ம தையல் மிஷின் மெக்கானிக் வேல்குமாரை விட்டு எட்டு மூடியையும் மாட்டச் சொன்னேன். "எதுக்கு எதுங்க ஐயா?" என்றான். "எட்டும் ஒரே சைஸ்தானப்பா, கைக்கு வந்ததை மாட்டு" என்றேன். மாட்டி முடித்துக் கிராங்கைச் சுற்றினால் அசையவில்லை. நாலடி பைப்பைக் கோத்து நான்கு பேர் தொங்கியும் அசையவில்லை. குருசாமி வந்து பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றி, இன்னும் பத்து நாள் ஆகும் என்றார். எனக்கு வந்ததே கோபம். கட்டிங், தையல், செக்கிங் அத்தனை பேரும் பார்க்க, அவர் சம்சாரமும் பார்க்க, "ஏனுங்க, எந்த லேத்துக்காரனோட பேசி வெச்சு இந்த வேலை பண்ணுனீங்க?" என்று கேட்டேன். தலையைக் குனிந்தபடி, "என் கைத்தப்புத்தான் அண்ணாச்சி" என்றார். வாயாலேயே ஒப்புக்கொண்ட பிறகு வேறு என்ன சாட்சி வேண்டும்? அதனால் பட்டறையும் வேண்டாம், ஊடும் வேண்டாம், இந்த ஆளை உங்கள் லாரிப் பக்கமே விட வேண்டாம் என்று தங்கையைக் கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

தங்கச்சிக்கு என் ஆசீர்வாதம். மாரியம்மன் நோன்புக்கு வரும்போது மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், எவனும் ஏமாற்ற முடியாதபடி நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மைத்துனன் பழனிமுத்து.

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுவிட்டு, லீவு நாளில் கம்பெனிக்குள் சத்தம் கேட்கிறதே என்று போனேன். துணி ரோலுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டேன், எனக்கு அது பழக்கம்தான். குருசாமி ஒவ்வொரு மூடியாக ஒவ்வொரு ராடில் வைத்து, பழைய கடைசல் கோடு இரண்டிலும் சேர்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேல்குமார் அழாத குறை. ஒவ்வொரு மூடியும் அதனதன் ராடோடு சேர்த்துக் கடைந்ததாம், ஜோடி மாறினால் கிராங்கைக் கவ்விக்கொள்ளுமாம், அந்த நம்பர் எல்லாம் எது எதற்கு ஜோடி என்பதற்காம். "நம்பரைத் தேய்ச்சது யாருண்ணே?" என்று அவன் கேட்டான். "ராடை லேத்துக்கு அனுப்புறதுக்கு முன்னாலயே அண்ணாச்சி வேட்டியில இரும்புத் தூள் இருந்துச்சு. வெளிய சொல்லிறாத. அத்தனை பேரு முன்னால அவரு தலை குனிஞ்சா அப்புறம் கம்பெனிய எப்படி நடத்துவாரு?" என்றார். "வெள்ளகோவில் வேலை போயிருமேண்ணே" என்றான் அவன். "போனா என்ன செய்ய? இதை முடிச்சுக் குடுத்துட்டுத்தான் வேற எங்கயும்" என்றார்.

நான் அந்த ரோலுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன், மாப்பிள்ளை. எட்டு ஜோடியும் சேர்ந்து, கிராங்கில் மாட்டியும் முடித்துவிட்டார். பிறகு தற்செயலாக வந்தவன் போல உள்ளே போய்க் கிராங்கைத் தொட்டேன், இரண்டு விரலுக்குச் சுற்றுகிறது. ஆகவே மேலே எழுதியதில் வணக்கமும் ஆசீர்வாதமும் மட்டும் நிற்கட்டும், மற்றதெல்லாம் பொய். குருசாமி அவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக்கொள்ளுங்கள், ஊட்டுக்கு வெள்ளையடித்துக் கொடுங்கள். புதிதாக எழுதியிருக்கலாமே என்பீர்கள். வேண்டும் என்றுதான் எழுதவில்லை. நாளைக்கு உங்களைப் பார்க்க வரும்போது அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன், கவரை ஒட்டவில்லை. வழியில் அவர் பிரித்துப் படிக்கட்டும். அவர் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.