கடைமடை டாக்கீஸை மூடச் சொல்லி

கீழ்வேளூர் பக்கம்,
தை மாதக் கடைசி.

அன்புத் தம்பி அரவிந்தனுக்கு,

அண்ணன் பஞ்சநதம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி தங்கம்மாளும் மாடு கன்றுகளும் சுகம். என் மகள் கனிமொழியும் சுகமாகத்தான் இருக்கிறாள். அவளால் மற்றவர்கள் என்ன பாடு படுகிறோம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். சிங்கப்பூரில் நீயும் பிள்ளைகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லலாம். போனில் சொன்னால் நீ சிரிக்கிறாய். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது.

விஷயம் இதுதான். நீ உடனே கனிமொழியைக் கூப்பிட்டு, இந்தச் சினிமா விமர்சனத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டாள். நீ சொன்னால் கேட்பாள், ஏனென்றால் மைக் வாங்கி அனுப்பியதே நீதான்.

இது இன்றைக்கு வந்த வியாதி இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நாகப்பட்டினத்துக்கு ஒரு படம் பார்க்கக் கூட்டிப்போனேன். எல்லாப் பிள்ளைகளும் முறுக்கு கேட்டு அழுகிற வயதில் இவள் வெளியே வந்து, “இடைவேளைக்கு அப்புறம் டைரக்டர் லீவு போட்டுட்டு போயிட்டாருப்பா” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்பது வேறு விஷயம். கல்லூரிக்குப் போனதும் பஸ் பாஸை வைத்துக்கொண்டு நாகப்பட்டினம், திருவாரூர் என்று ஒரு தியேட்டர் விடாமல் பார்த்தாள். படிப்பு முடிந்ததும் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நாங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் யூடியூபில் ‘கடைமடை டாக்கீஸ்’ என்று ஒன்றை ஆரம்பித்திருந்தாள். ஏன் இந்தப் பெயர் என்று கேட்டதற்கு, “நம்மூருக்கு ஆத்துத் தண்ணியும் கடைசியாத்தான் வருது, படமும் கடைசியாத்தான் வருது” என்றாள். அதிலும் தப்புச் சொல்ல முடியவில்லை.

வீட்டில் பேசினால் உன் அண்ணி குக்கர் வைக்கிறாள், மாடு கத்துகிறது என்று மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். மோட்டார் ஓடினால் சத்தம் வருமே, அதனால் அதை நிறுத்திவிட்டுப் பேசுவாள். படம் சின்னதாக இருந்தால் பரவாயில்லை. போன ஆடியில் ஏதோ ஒரு நீளப் படம் வந்தது, இவள் அதைப் பற்றிப் பேசப் பேச நாற்றங்கால் காய்ந்து வெடித்துவிட்டது, நான் போய்க் கத்தினால், “இருங்கப்பா, கிளைமாக்ஸுக்கு வந்துட்டேன்” என்கிறாள். அதையும் சேர்த்தே வீடியோவில் போட்டுவிட்டாள். இப்போது திருவாரூர் கடைத்தெருவில் யார் யாரோ என்னைப் பார்த்து, “இருங்கப்பா, கிளைமாக்ஸுக்கு வந்துட்டேன்” என்கிறார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது இந்த மார்கழியில் வந்தது. மில் வைரக்கண்ணுவை உனக்குத் தெரியும், சுற்று வட்டாரத்து நெல்லையெல்லாம் எடுப்பவர், அறுவடை மெஷின் வைத்திருப்பவர். அவர் தன் மகன் பிரபுவைக் கதாநாயகனாகப் போட்டு ‘நஞ்சை நாயகன்’ என்று ஒரு படம் எடுத்தார். கதாநாயகனுக்கு அப்பாவாக அவரே நடித்தார். ஊருக்கே டிக்கெட் கொடுத்து வேன் வைத்துக் கூட்டிப்போனார். நாங்களும் போனோம். மறுநாள் கடைமடை டாக்கீஸில் கனிமொழி பேசியதை அப்படியே எழுதுகிறேன், நீ பார்க்கவில்லை என்று பொய் சொல்வாய்.

“ஹீரோ விவசாயி. படம் முழுக்க வெள்ளை வேட்டி. சேத்துல இறங்குறாரு, சண்டை போடுறாரு, வரப்புலேர்ந்து உருண்டு விழுறாரு. வேட்டியில ஒரு பொட்டு சேறு இல்ல. கதை என்னன்னு கேக்காதீங்க, அந்த சோப்பு என்னன்னு யாராச்சும் கேட்டுச் சொல்லுங்க. ஹீரோ அழ ஆரம்பிச்சதும் பக்கத்து சீட்டு அக்கா என் கையைப் புடிச்சுக்கிட்டு, ‘இன்னும் கொஞ்ச நேரந்தான் பாப்பா, பொறுத்துக்க’ன்னு ஆறுதல் சொன்னாங்க.”

அந்தப் பக்கத்து சீட்டு அக்கா உன் அண்ணிதான்.

பொங்கல் முடிந்தது. நம் வயலில் கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. டிவியில் மழை வருகிறது என்கிறான். வைரக்கண்ணுவின் மெஷின் மேல் பக்கத்து வயலை அறுத்தது, நம் வயலைத் தாண்டிப்போய்க் கீழ்ப் பக்கத்து வயலை அறுத்தது. மெஷின் ஓட்டுகிற யூனுஸை மறித்துக் கேட்டேன்.

“நான் என்னண்ணே பண்றது? உங்க வயல்ல மட்டும் இறங்கக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு” என்றவன், குரலைத் தாழ்த்தி, “பாப்பா வீடியோ பிரமாதம்ணே. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க” என்றான்.

வேறு மெஷினுக்கு அலைந்தேன், எல்லாம் மன்னார்குடிப் பக்கம் போய்விட்டது. கடைசியில் மில்லுக்கே போனேன். வைரக்கண்ணு என்னை உட்காரச் சொல்லவில்லை. “பஞ்சநதம், ஒம் மக அந்த வீடியோவ எடுத்துட்டு, படம் நல்லாருக்குன்னு வேற ஒண்ணு போடட்டும். மெஷின் தானா வரும்” என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வானத்தையும் காட்டினேன். கனிமொழி கேட்டாள்,

“அப்பா, அன்னைக்குத் தியேட்டர்ல நீங்க பாதியில தூங்கிட்டீங்கல்ல?”

“அசதிம்மா.”

“நீங்க தூங்கினா விமர்சனம் இல்ல, நான் பேசினா விமர்சனமா? பொய் சொல்லி ஒரு தடவை நெல்லை அறுத்துடலாம்ப்பா. அப்புறம் நான் எந்தப் படத்தை நல்லாருக்குன்னு சொன்னாலும் யார் வீட்டு மெஷினுக்காகன்னு கேப்பாங்க.” அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் வரவேண்டிய இடம், வரவில்லை. “இன்னொரு தடவை பாக்குறேன். நல்லது எதாச்சும் கண்ணுல பட்டா அதைச் சொல்றேன். இதை விட என்னால முடியாது.”

வைரக்கண்ணு கைக்காசு போட்டுப் படத்தை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார். மூன்று பேரும் மறுபடி போனோம். மதியக் காட்சி. தியேட்டரில் எங்களைத் தவிர ஒரே ஒரு அம்மாள், வைரக்கண்ணுவின் சம்சாரம் மங்களாம்பிகை. அவர் தினமும் வருகிறாராம். “புள்ள படம் ஓடுறப்ப நாற்காலியெல்லாம் காலியா கிடந்தா நல்லாவா இருக்கும்?” என்று சொல்லிக் கனிமொழிக்குத் தட்டை கொடுத்தார். நான் இந்த முறை தூங்கவில்லை. அந்த அம்மாள் பக்கத்தில் இருக்கும்போது எப்படித் தூங்குவது?

பழைய வீடியோவை எடுக்காமலே கனிமொழி இன்னொன்று போட்டாள். வேட்டி பற்றிச் சொன்னது சொன்னதுதான், ஆனால் முதல் தடவை ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்றாள். அப்பாவும் மகனும் களத்தில் உட்கார்ந்து பேசாமல் சாப்பிடுகிற காட்சி. அப்பா தன் இலையிலிருந்து மீனை எடுத்து, மகன் முகத்தைப் பார்க்காமலே, அவன் இலையில் வைக்கிறார். அதை மட்டும் அவ்வளவு நேரம் பேசினாள். உன் அண்ணி மூக்கைச் சிந்தினாள்.

மறுநாள் பிரபு பைக்கில் வந்து வாசலில் நின்றான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போனேன். அவன் தலையைச் சொறிந்தான்.

“அந்தச் சாப்பிடுற சீன்... கேமரா ஓடுதுன்னே எங்களுக்குத் தெரியாதுங்க. பசியில சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். அதான் நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்களே, மத்ததுல என்ன தப்புன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

கனிமொழி சொல்ல ஆரம்பித்தாள். உன் அண்ணி இரண்டு தடவை காப்பி போட்டாள். பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “வேட்டி எங்க அம்மா துவைச்சதுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மாலையே யூனுஸ் மெஷினோடு வந்தான். என்னடா என்றால், “மொதலாளி நடிப்பைப் பாப்பா பாராட்டிடுச்சாம். காலையிலேர்ந்து வர்றவன் போறவனுக்கெல்லாம் வீடியோவைக் காட்டிக்கிட்டு இருக்காரு” என்றான். மகனைச் சொன்னது மறந்துபோயிற்று, தன்னைச் சொன்னதுதான் நினைவிருக்கிறது. அறுத்து மூட்டை வீட்டுக்குள் வந்த பிறகு மழை கொட்டியது.

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. கடைத்தெருவில் வைரக்கண்ணு பேனர் வைத்திருக்கிறார், ‘விமர்சகர் கனிமொழி போற்றிய இயல்பு நடிகர்’ என்று. அடுத்த படத்தில் அவரே கதாநாயகனாம். குறுவை அறுப்புக்குள் வெளிவந்துவிடுமாம். இவள் அதைப் பார்ப்பாள், பார்த்தால் பேசுவாள், அப்போது மெஷினுக்கு நான் எங்கே போவேன்? இதற்கு நடுவில் சென்னையில் இணையப் பத்திரிகை நடத்துகிறவர்கள் இரண்டு வீடியோவையும் பார்த்துவிட்டு, வேலைக்கு வா, படம் பார்த்து எழுது என்கிறார்கள். படம் பார்க்கச் சம்பளமாம். ஊர் பேர் தெரியாத இடத்துக்குப் பெண்ணை எப்படி அனுப்புவது? ஆகவே தம்பி, நீ கண்டிப்பான குரலில் பேசி, டாக்கீஸை மூடிவிட்டுப் பேங்க் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லவும். சிரிக்காமல் சொல்லவும்.

உன் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். உன் மனைவி விஜயலட்சுமியைக் கேட்டதாகச் சொல். மழைக்காலத்தில் அங்கே காதை மூடிக்கொண்டு வெளியே போகவும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் பஞ்சநதம்

பி.கு.: உன் விலாசத்தை இங்கிலீஷில் எழுதச் சொல்லிக் கனிமொழியிடம் கொடுத்தேன், முழுக்கப் படித்துவிட்டாள். “நல்லாருக்குப்பா. ஆனா எழுதுறவரு போகாதங்குறாரு, படிச்சா போன்னு கேக்குது” என்றாள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. அதனால் நீ அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். முதல் மாதம் பத்திரிகைக்காரர்களே தங்க இடம் தருகிறார்களாம், அதற்குள் சென்னையில் நல்ல பெண்கள் விடுதி எது என்று யாரிடமாவது விசாரித்து மட்டும் சொல். நாளைக்குக் காலையில் அவளைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிடப் போகிறேன், வருகிற வழியில் இதைத் தபாலாபீஸில் சேர்த்துவிடுகிறேன்.