என் முழங்கால் வலித்த கதை

என் மனைவியை ஏமாற்ற நான் துணிந்தது ஒரே ஒரு முறைதான். அவள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இனி வெளியே சொல்லலாம்.

நான் கடிகாரம் பழுது பார்ப்பவன். காலையில் முக்காலியில் உட்கார்ந்தால் இருட்டிய பிறகுதான் எழுந்திருப்பேன். சர்க்கரை வேறு வந்திருந்தது.

"நீங்க கொஞ்சம் நடங்களேன்" என்பாள்.

"நாள் முழுக்க முள்ளோட சுத்தறேனே, பத்தாதா?" என்பேன்.

அவளுக்கு உடம்பு முழுக்க வலி. இன்று தோள், நாளை இடுப்பு, மறுநாள் விரல். எந்தப் பரிசோதனையிலும் எதுவும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு டாக்டரம்மாதான் பெயர் சொன்னார்: ஃபைப்ரோமயால்ஜியா. அதைத் திருப்பிச் சொல்வதற்குள் எனக்குத் தாடை வலித்தது.

வலி குறைந்த நாளில் வீட்டையே கவிழ்த்துப் போட்டுக் கழுவுவாள். அடுத்த ஒரு வாரம் படுக்கை.

"நல்ல நாள்னு ஓடவும் கூடாது, கெட்ட நாள்னு முடங்கவும் கூடாது. தினமும் கொஞ்சம் நடங்க. மெதுவா கூட்டலாம்" என்றார் டாக்டரம்மா.

கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போலத்தான். தினமும் அளவாக. ஒரே நாளில் முறுக்கினால் உள்ளே சுருள்வில் போய்விடும். எனக்குச் சட்டென்று விளங்கியது. அவள் என்னை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, உள்ளே டாக்டரம்மாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் சாய்ந்தாள்.

"நடந்தா வலிக்கும். நடக்கலேன்னாலும் வலிக்கும். படுத்துக்கிட்டே வலிக்கட்டும்."

இப்படியே விட்டால் கட்டிலோடு ஒட்டிக்கொள்வாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் காலை நொண்டிக்கொண்டே எழுந்தேன்.

"என்னங்க ஆச்சு?"

"முழங்கால் போச்சு. தினமும் நடந்தாத்தான் சரியாகுமாம்."

"யார் சொன்னா?"

"மருந்துக் கடைக்காரர். தனியா போனா விழுந்துடுவேன். நீ கூட வா."

"விழுந்தா தாங்கற உடம்பா இது?"

"தாங்க வேண்டாம். பார்த்து கத்தினா போதும்."

வந்தாள். முதல் நாள் ரெண்டு விளக்குக் கம்பம். கம்பத்துக்குக் கம்பம் "அப்பாடா" என்று நான் நிற்பேன். அவளும் மூச்சு வாங்கிக்கொள்வாள். உற்சாகமான நாளில் "இன்னும் நாலு கம்பம் போகலாமா?" என்பாள். "ஐயோ, என் கால்!" என்பேன். எழவே முடியாத நாளில், "எனக்காக ஒரே ஒரு கம்பம்" என்று கெஞ்சுவேன்.

ஒரு நாள் நடுத்தெருவில் நின்றாள்.

"நேத்து வலது கால்தானே நொண்டினீங்க?"

"வலி... இடம் மாறுதும்மா."

"அது என் வியாதிங்க. உங்களோடது இல்ல."

மூன்று மாதத்தில் பதினோரு கம்பம் வந்துவிட்டோம். வலி போகவில்லை. ஆனால் கடைசி மாதத்தில் அவள் முழு நாளும் படுத்தது இரண்டே நாள். டாக்டரம்மா முன்னால் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். போன வாரம், தன் ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது, "வந்ததுக்கு நீங்களும் குடுங்க" என்று என்னையும் உட்கார வைத்திருந்தாள். அந்தக் காகிதம்.

டாக்டரம்மா படித்தார். "இவர் சர்க்கரை நல்லா இறங்கியிருக்கு. திட்டம் பலிச்சிடுச்சும்மா!"

அவர் அதைச் சொன்னது என்னிடம் இல்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "அப்போ, நடக்கப் பயமே இல்லையா உனக்கு?"

"பயம் நிஜம்தாங்க. தனியா நடந்திருக்கவே மாட்டேன். நீங்களும் உங்களுக்காக நடந்திருக்க மாட்டீங்க."

"என் முழங்கால் பொய்னு எப்போ தெரிஞ்சுது?"

"நீங்க யோசிக்கறதுக்கு முன்னாடியே. நான் படுத்துக்கிட்டா, என்னை நடக்க வைக்க ரெண்டு நாள்ல ஏதாவது பொய் கண்டுபிடிச்சுடுவார்னு டாக்டரம்மாகிட்ட சொல்லியிருந்தேன். நாலு நாளாக்கி என் மானத்தை வாங்கிட்டீங்க."