அந்தோனியாரின் அங்கிக்குக் குறைந்த கண்ணாடி

வங்காலையில் என்னைப்போல உறுதியான ஆம்பிளை இல்லை. மூன்று வருசத்துக்கு முந்தி, தவக்காலத்தில், பீடத்துக்கு முன்னால், மனைவி யசிந்தாவைச் சாட்சியாக வைத்துக் குடியை விட்டவன் இந்தச் சந்தியோகு. வீட்டைப் பொறுத்தமட்டில் இன்றுவரைக்கும் அப்படித்தான். கடற்கரையில் வலை வைக்கிற என் ஓலை வாடியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வைகாசியில் ஒருநாள் யசிந்தா பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, உங்கட அப்பா போத்தல் கண்ணாடியாலை செய்த அந்தோனியாரைப்போல ஒண்டு இந்தப் பூக்கண்டுக்குள்ளை நிண்டா எவ்வளவு வடிவா இருக்கும்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆளுயரச் சீமெந்துச் சுவர். அதில் உடைத்த போத்தல்களைத் துண்டு துண்டாகப் பதித்து அப்பா அந்தோனியாரைச் செய்திருந்தார். ஆகாயத்துக்கு நீல மருந்துப் போத்தல். கையிலுள்ள லீலிப்பூவின் தண்டுக்குப் பச்சைச் சோடாப் போத்தல். முகத்துக்குக் கிறீம் போத்தலின் வெள்ளை. பின்னேர வெயில் பட்டால் அங்கி தேன்போல எரியும். அதைப் பார்த்து அம்மா ஒரு சிரிப்புச் சிரிப்பார். அப்பா சிரிக்கமாட்டார். அதைக் கட்டி முடித்தபிறகு அப்பா குடித்து நான் கண்டதில்லை. புனிதர் செய்த புதுமை என்று ஊரே சொன்னது. சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வீடும் இல்லை, அந்தோனியாரும் இல்லை.

அந்தோனியார் திருநாளுக்கு முன்னம் கட்டி முடிக்கிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். மந்திரிக்கக் கோயில் பாதரையும் கூப்பிட்டாயிற்று. ஆகாயம் முடிந்தது, முகம் முடிந்தது. அங்கியில் வந்து நின்றேன். அந்தோனியாரின் அங்கி மண்நிறம். எங்கள் ஊரில் மண்நிறக் கண்ணாடி என்றால் பியர்ப் போத்தல்தான்.

"அதுக்கு நாங்கள் எங்கை போறது?" என்று யசிந்தா பெருமூச்சு விட்டாள். "எங்கட வீட்டிலை ஒருத்தரும் குடிக்கிறேல்லையே."

அந்தப் பெருமூச்சில்தான் நான் விழுந்தேன். வாடிக்குப் பின்னால் மணலில் புதைத்து வைத்திருந்த மூன்று வருசத்தையும் தோண்டினேன். கரையில் ஒதுங்கினது என்று சொல்லி ஒரு சாக்கை முற்றத்தில் இறக்கினேன். அவள் ஒரு போத்தலை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அவளும் கடல்காரன் மகள்.

"பாசியும் பிடிக்கேல்லை, சிப்பியும் ஒட்டேல்லை" என்றாள்.

"புனிதருக்கெண்டு கடல் கழுவித் தந்திருக்கு."

"ஓம், ஓம். இன்னும் கொஞ்சம் தருமோ எண்டு கேட்டுப் பாருங்கோ."

கேட்டேன். கடல் தந்தது. மூன்று சாக்கு. சாக்கோடு வைத்துச் சுத்தியலால் தட்டி, கூர் உள்ளே போகத் திருப்பி, ஈரச் சீமெந்தில் ஒவ்வொன்றாக அழுத்தினேன். கை வெட்டுப்பட்டதுகூடத் தெரியவில்லை. அப்பாவே பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது.

திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் பார்த்தால் அங்கியில் ஒரு சாண் குறைகிறது. அந்தோனியார் முழங்கால் தெரிய, நண்டு பிடிக்கப் போகிறவர் மாதிரி நிற்கிறார். விடிந்தால் பாதர் வருவார், ஊர் வரும். என்னிடம் மிச்சம் ஒரே ஒரு போத்தல். அதுவும் நிறைந்த போத்தல். திருநாள் முடியக் குடிக்கலாம் என்று வலைக்குவியலுக்குள் படுக்க வைத்திருந்தேன்.

வாடிக்கு ஓடினேன். அதை எனக்குத் தெரிந்த ஒரே வழியில் வெறுமையாக்கலாம் என்று கையில் எடுத்துத் திரும்பினேன். வாசலில் யசிந்தா நின்றாள்.

"கடல் மூடியோடையும் தருது போலை" என்றாள்.

நான் போத்தலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"ஊத்துங்கோ."

"எங்கை?"

"தந்த கடலுக்கே."

ஊற்றினேன். நுரையோடு நுரையாகப் போய்விட்டது. வெறும் போத்தலை உடைத்து, குறைந்த ஒரு சாணையும் அன்றிரவே பதித்து முடித்தேன்.

அடுத்த நாள் பாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். பின்னேரம் எல்லாரும் போனபிறகு வெயில் சாய்ந்து அங்கியில் பட்டது. அதே தேன். எனக்குக் கண் கலங்கியது. அப்பா கட்டினது மாதிரியே வந்திட்டுது என்றேன்.

யசிந்தா சிரித்தாள். அம்மா சிரித்த அதே சிரிப்பு.

"பின்னை வராமல்? எப்பிடிக் கட்ட வைக்கிறதெண்டு மாமி எனக்குக் கலியாணத்துக்கு அடுத்த நாளே சொல்லித் தந்தவ."