பின்சீட்டைத் திருப்பிக் கேட்டு மாமாவுக்கு

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

இன்று மார்ச் மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். உங்கள் பழைய காரில் இருக்க வேண்டிய இருக்கைகள் மூன்று. கொட்டகையில் இருப்பவை இரண்டு. மூன்றாவது எங்கே என்று நான் எழுத வேண்டியதில்லை, நீங்கள் அதன் மேல்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்காமல் கடிதத்தைத் தொடங்கினால் மரியாதையாக இருக்காது என்று அம்மா போனில் சொன்னாள். கேட்டாயிற்று. அத்தையும் நலம், ஆனால் அதை உங்களுக்கு எழுதக் கூடாது என்று உத்தரவு. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். தினமும் காலையில் கூப்பிடுவது நீங்கள்தான். "காபி நிறம்தானே?" என்கிறீர்கள். நான் "மாமா, அது வந்து" என்று வாயைத் திறப்பதற்குள் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாது. கசக்கிப் போடலாம், ஆனால் கசக்கியதைப் பிரித்துப் படிக்கும் ஆள் நீங்கள் என்று எனக்குத் தெரியும்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மகளிடம் நீங்கள் சொல்லியிருக்கும் கதையில் நான்தான் குடும்பத்தைப் பிரித்தவன் என்று கேள்விப்பட்டேன். நான் யாரையும் பிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். தோல் தொழில்நுட்பம் படித்து, பெயின்ட் ஆலையில் நிறம் பார்க்கும் கூடத்தில் வேலை செய்துகொண்டு, உங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருக்கும் என்னைக் கூப்பிட்டு, வெயிலில் வெளுத்து நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஆகிவிட்ட கார் சீட்டுகளைப் பழைய நிறத்துக்கே கொண்டுவா என்று சொன்னவர் நீங்கள். பழைய நிறம் என்றால் என்ன நிறம் என்று கேட்டேன். இதைக் கேட்காமல் எவனும் சாயம் கலக்க முடியாது. நீங்கள் காபித்தூள் நிறம் என்றீர்கள். உள்ளே இருந்து அத்தை மாதுளை நிறம் என்றார். அவ்வளவுதான் மாமா. அதற்குப் பிறகு அந்த அறையில் பேசப்பட்டது எதற்கும் தோலுக்கும் சம்பந்தமில்லை. கல்யாணப் புகைப்படம் வந்தது, உங்கள் அப்பா வந்தார், யாரோ ஒருவர் வீட்டுக்குக் கொடுக்காமல் போன மின்விசிறி வந்தது. கடைசியில் நீங்கள் பெட்டியில் நாலு சட்டையை அடைத்துக்கொண்டு, "இங்க வெச்சுட்டுப் போனா உங்க அத்தை சாட்சியைக் கலைச்சுடுவா" என்று பின்சீட்டைக் கழற்றித் தலையில் தூக்கிக்கொண்டு வாடகைக் காரில் ஏறிப் போனீர்கள். பின்சீட்டு பின்சீட்டிலும் நீங்கள் முன்சீட்டிலும் போன அந்தக் காட்சியைத் தெருவே பார்த்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், "சீட்டு மட்டும் எங்க போகுது?" என்று என்னைக் கேட்டார். மகள் வீட்டுக்கு என்றேன். எப்போது திரும்பி வரும் என்றார். அதைத்தான் இந்தக் கடிதத்தில் உங்களைக் கேட்கிறேன்.

எனக்கு நீங்கள் திரும்பி வந்தாக வேண்டும். பாசம் என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் காரணம், மூன்று இருக்கைக்கும் ஒரே கலவையில், ஒரே நாளில், ஒரே கையால் அடித்தால்தான் நிறம் ஒன்றாக வரும். இரண்டாவது காரணம் இன்னும் மோசம். நீங்கள் இல்லாததால் உங்களுக்கான சண்டையை அத்தை என்னோடு போடுகிறார். காலையில் நான் பல் தேய்த்துவிட்டு வந்தால் குழாயைச் சரியாக மூடவில்லை என்று ஆரம்பிக்கிறார். உடனே எழுந்து மூடிவிடுகிறேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. "நீ ஏன்டா ஒடனே மூடுற? உங்க மாமாவா இருந்தா இந்நேரம் குழாய் செஞ்சவனைத் திட்டியிருப்பாரு" என்று குறைப்படுகிறார். எதிர்த்துப் பேசத் தெரியாதவன் என்று அம்மாவிடம் புகார் போயிருக்கிறது. அம்மா என்னைப் பதில் பேசப் பழகச் சொல்கிறாள். நான் இதற்காகப் படிக்கவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். வெளுத்த தோலில் பழைய நிறத்தைக் கண்டுபிடிப்பது ஞாபகசக்தியின் வேலை இல்லை. வெளிச்சமே படாத ஓர் இடம் எந்த சீட்டிலும் இருக்கும். அடியில் மடித்து ஆணி அடித்திருக்கும் ஓரத்தில் தோல் அன்று செய்த மாதிரியே இருக்கும். அதை எடுத்து எங்கள் ஆலையின் நிறம் அளக்கும் கருவியில் வைத்தால் எண் வரும். எண்ணை வைத்துச் சாயம் கலந்தால் முடிந்தது. இதை நான் அத்தையிடம் விளக்கினேன். "எண்ணை வெச்சு நான் என்ன பண்ண? நிறத்தைச் சொல்லு" என்றார். எண்தான் நிறம் என்றேன். அப்படியானால் கடையில் போய் இருபத்தேழாம் நம்பரில் ஒரு உடுப்பு வாங்கி வா என்றார். நான் பதில் பேசவில்லை. அதற்கும் திட்டு விழுந்தது.

முன்சீட்டுகளைக் கழற்ற எனக்கு ஒரு ஆள் துணை வேண்டியிருந்தது. முச்சந்தியில் சீட்டு தைப்பவரைக் கூட்டி வந்தேன். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் அந்த மனிதர் சீட்டைப் பார்க்கவே இல்லை. வந்ததும் நாற்காலி கேட்டார், டீ கேட்டார், என்ன தகராறு என்று கேட்டார். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து முழுக்கச் சொன்னார். கேட்டு முடித்துவிட்டு, "தம்பி, கறுப்பு அடிச்சுடுங்க. கறுப்புல யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்ல" என்றார். அது நிறத்தை மீட்பது இல்லை, மூடுவது என்று கத்தினேன். அவர் அத்தையைப் பார்த்து, "தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகலையாம்மா?" என்று கேட்டார். இன்னொரு டீ வந்தது. எல்லா நட்டுகளையும் நானே கழற்றினேன். அவர் டம்ளரை மட்டும் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மடிப்போரத்தில் வெட்டிய தோல் விரல் நக அளவுதான். கருவியில் வைத்து எண் எடுத்துக்கொண்டேன். பிறகு சோதனைக்காக ஒரு சீட்டை மட்டும் சோப்புநுரையில் தேய்த்து, எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் வருடி, வெடிப்புகளை அடைத்து, கலவையை முதல் பூச்சாக அடித்துக் காய வைத்தேன். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். அதனால் யாரும் தொடக் கூடாது, பார்க்கவும் கூடாது என்று கொட்டகைக் கதவில் எழுதி ஒட்டினேன். எழுதி ஒட்டியதால்தான் அத்தை உள்ளே போனார். ஒட்டாமல் விட்டிருந்தால் கதவையே கவனித்திருக்க மாட்டார். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால், துவைத்து வெளுத்த வெள்ளை உடுப்போடு, ஈரச் சீட்டின் மேல் சாய்ந்து உட்கார்ந்து, அங்கே இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"எந்திரிங்க அத்தை" என்றேன். எழுந்தார். முதுகு முழுக்க என் முதல் பூச்சு. கொட்டகையில் குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் முதுகு சந்தேகமே இல்லாத காபித்தூள். மாமா, உண்மையை மறைக்க எனக்குத் தெரியாது, அங்கேயே சொல்லிவிட்டேன், மாமாதான் ஜெயித்தார், காபிதான் என்று. அத்தை நம்பவில்லை. முதுகைக் கண்ணாடியில் பார்க்கப் போகிறேன் என்று விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். வெயிலில் கால் வைத்ததும் முதுகு மாதுளையாக மாறிவிட்டது.

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். "அத்தை, உள்ள வாங்க" என்றேன். வந்தார். காபி. வெளியே போகச் சொன்னேன். மாதுளை. படித்தவன் என்ற முறையில் ஒரு தடவை பார்த்ததை நம்பக் கூடாது, அதனால் மறுபடி மறுபடி உள்ளேயும் வெளியேயும் நடக்க வைத்தேன். அத்தைக்குக் காரணம் தெரியாது. முதுகைப் பார்க்க முடியாத ஆளுக்கு என்ன தெரியும்? ஆனால் தெருவுக்குத் தெரிந்தது. தலைமையாசிரியர் நாற்காலியை எடுத்து வந்து கேட்டருகே போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் சத்தமாக நிறத்தை அறிவித்தார். போகிற வருகிறவர்கள் நின்றார்கள். உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் காபிக் கட்சி, வெளியே நின்றவர்கள் மாதுளைக் கட்சி. தலைமையாசிரியர் கைதூக்கச் சொல்லி வாக்கெடுப்பு நடத்தினார். சரிசமமாக வந்தது. தீர்ப்புக்காக அத்தையையே ஓட்டுப் போடச் சொன்னார்கள். அத்தை, "என் முதுகுக்கு நான் எப்படிடா ஓட்டுப் போட?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

விஷயம் ரொம்பச் சின்னது மாமா. குழல்விளக்கில் சிவப்பு குறைவு. அந்தச் சாயத்தில் உள்ள சிவப்பு அங்கே எழும்பாது, பழுப்பாகத்தான் தெரியும். வெயிலில் சிவப்பு மேலே வரும். நீங்கள் வேலை விட்டு வந்து சாயங்காலங்களில் கொட்டகை வெளிச்சத்தில் சீட்டைத் துடைத்தவர். அத்தை பகலில் மட்டும் அந்தக் காரில் வெளியே போனவர். ஒரே தோல், இரண்டு வெளிச்சம். இரண்டு பேர் சொன்னதும் சரி. இதைச் சொன்னால் வீட்டில் விளக்கேற்றியது போல் இருக்கும் என்று நினைத்தேன். அத்தையிடம் சொன்னேன். முகம் வாடிப்போய்விட்டது. "அவரும் சரின்னா நான் சரியா இருந்து என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார். நேற்று காலை நீங்கள் கூப்பிட்டபோது உங்களிடமும் ஒரே மூச்சில் சொன்னேன். முதல் தடவையாக முழுவதையும் கேட்டீர்கள். பிறகு, "அவளும் சரியா?" என்று ஒரு கேள்வி. பிறகு வைத்துவிட்டீர்கள். கல்லூரியில் நாலு வருஷம் இதற்கு யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை.

இதற்கிடையில் உங்கள் மகளிடமிருந்து செய்தி. பின்சீட்டை அவர்கள் வீட்டுக் கூடத்தில் டிவிக்கு எதிரே போட்டிருக்கிறீர்களாம். அதில் வேறு யாரும் உட்காரக் கூடாதாம், நிறம் கெட்டுவிடுமாம். வீட்டுக்காரரான மாப்பிள்ளை தரையில் பாய் விரித்து உட்கார்ந்து செய்தி பார்க்கிறாராம். வாய்விட்டுச் சொல்ல மாட்டார், மாமனார் மரியாதை. ஆனால் முட்டி வலிக்கிறது என்று எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். ஒரு மனிதரின் முட்டியும் என் கலவையும் உங்கள் பிடிவாதத்தில் மாட்டிக்கொண்டு காய்கின்றன. முதல் கலவை டப்பாவில் ஏற்கெனவே ஆடை கட்டிவிட்டது.

எனவே, நீங்களும் சீட்டும் சேர்ந்து வந்துவிடுங்கள் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பேரும் சரி என்ற அவமானத்தை இரண்டு பேரும் பாதிப் பாதியாகச் சுமந்துகொள்ளலாம். மகளுக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தம், மாப்பிள்ளைக்கும் அவர் முட்டிக்கும் என் அனுதாபம். உங்கள் ஆசீர்வாதம் எனக்கு வேண்டும்; ஆனால் அது நேரில் வந்து தலையில் கை வைத்துக் கொடுக்கும் ஆசீர்வாதமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்துவிட்டு, பெரியவர்கள் விஷயம் என்பதால் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். மாதுளை வந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "அந்தச் சீட்டு என்ன நிறம்னு எனக்கு எங்கடா தெரியும்?" என்றார். எனக்குப் புரியவில்லை. பகலில்தானே போனீர்கள், பார்த்திருப்பீர்களே என்றேன். "பகல்லதான் போனேன். உங்க மாமா ஓட்டுறாரு. வண்டி கேட்டைத் தாண்டினதும் கண்ணை மூடினா, திரும்பி வந்து எஞ்சின் நின்னப்புறம்தான் திறப்பேன். இத்தனை வருஷமா அப்படித்தான்" என்றார். பிறகு ஏன் மாதுளை என்று கேட்டேன். "அவர் காபின்னாரு. ஒடனே ஏதாவது சொல்ல வேணாமா?" என்றார்.

ஆக, என் கருவி, என் எண், வெயில், குழல்விளக்கு, முதுகு, வாக்கெடுப்பு எல்லாம் தண்டம். கொஞ்ச நேரம் கழித்து அத்தையே, "வரச் சொல்லு. சீட்டோட வந்தாலும் சரி, சீட்டு இல்லாம வந்தாலும் சரி. இந்தக் கண்ணு விஷயத்தை மட்டும் எழுதிடாத, மனசு ஒடிஞ்சுடுவாரு" என்றார். நான் எழுதிவிட்டேன். எனக்கு வேறு விதமாக எழுத வராது. நீங்கள் ஓட்டுவது அப்படித்தான் இருக்கிறது மாமா, நானும் ஒரு தடவை ஏறியிருக்கிறேன்.

இனி நான் செய்யப்போவது:

1. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மாட்டேன். இன்று மதியம் நானே கொண்டு வந்து உங்கள் கையில் கொடுப்பேன்.

2. வாசலில் ஒரு சரக்கு வண்டியை நிறுத்திவைப்பேன். எஞ்சினை அணைக்க மாட்டேன்.

3. நீங்கள் நிதானமாகத்தான் படிப்பீர்கள், அதுவும் பின்சீட்டில் உட்கார்ந்துதான் படிப்பீர்கள். நீங்கள் இந்த வரிக்கு வரும்போது சீட்டின் ஒரு முனையை நான் பிடித்திருப்பேன், மறுமுனையை மாப்பிள்ளை பிடித்திருப்பார். அவர் நேற்றே சம்மதம் சொல்லிவிட்டார்.

4. எழுந்திருக்க வேண்டாம். அப்படியே தூக்குகிறோம்.