தாராளம் தெரியும் பெட்டி

விடுமுறைக் காலத்தில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளை மகிழ்விப்பது எங்கள் நிறுவனத்தின் உயரிய கொள்கை. மகிழ்ந்தார்களா என்பதைப் புகைப்படம் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

சிறப்புப் பள்ளி ஒன்றில், கண் தெரியாத ஒரு சிறுமி மவுத் ஆர்கன் கேட்டிருந்தாள். வாங்கியும் விட்டோம். விளம்பர அதிகாரி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இத்தனூண்டா? போட்டோல நம்ம தாராளம் தெரிய வேண்டாமா?"

ஆகவே தாராளம் தெரியுமளவுக்குப் பெரிய பெட்டிகள் செய்து, பளபளக்கும் தாள் சுற்றினோம். படம் எடுத்ததும் பெட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வேனில் இருக்கும் அசல் பரிசுகளைத் தருவதாக ஏற்பாடு. அதே பெட்டிகள் அடுத்த பள்ளிக்கும் போக வேண்டுமே.

விழாவன்று சிறுமியின் மடியில் ஒரு பெட்டியை வைத்தோம்.

"கேமராவைப் பாரும்மா" என்றார் அதிகாரி.

"அது எங்க இருக்கு மாமா?"

"சரி, சிரி. அது போதும்."

அவள் பெட்டியைக் காதருகே குலுக்கினாள். "உள்ள ஒண்ணுமே இல்லையே. எதுக்குச் சிரிக்கணும்?"

"உன்னோடது வேன்ல இருக்கும்மா."

சிரித்தாள். படம் எடுத்தாயிற்று. வெளியே போய்ப் பார்த்தால் வேனைக் காணோம். நேரந்தவறாமைக்குப் பாராட்டுப் பெற்ற எங்கள் டிரைவர், அடுத்த பள்ளிக்குக் கிளம்பிவிட்டிருந்தார்.

"அடுத்த வருஷம் கண்டிப்பா தர்றோம். இப்ப பெட்டியைக் குடு கண்ணு."

"குடுத்ததை யாராவது திருப்பிக் கேப்பாங்களா?"

பெட்டியை இறுகக் கட்டிக்கொண்டாள். அதைக் கேட்ட மற்றப் பிள்ளைகளும் தங்கள் பெட்டிகளைக் கட்டிக்கொண்டார்கள்.

அதிகாரிக்கு வேர்த்துவிட்டது. பரிசு இல்லாமல் விழா நடத்திவிடலாம். பெட்டி இல்லாமல் நடத்த முடியுமா? போன் போட்டு வேனைத் திருப்பினார்.

வேன் வந்ததும் சிறுமி மவுத் ஆர்கனை வாங்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஊதிப் பார்த்தாள். எல்லாச் சத்தமும் சரியாக வந்தது. அதற்குப் பிறகுதான் பெட்டியை நீட்டினாள்.

"இந்தாங்க மாமா. சிரிங்க."

பெட்டி காலி என்பது அவருக்குத் தெரியாததல்ல. செய்யச் சொன்னவரே அவர்தான். ஆனாலும் பழக்கம் விடவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கேமரா பக்கம் திரும்பி, முகமெல்லாம் மலரச் சிரித்தார். நாங்களும் எங்கள் பழக்கப்படி கைதட்டினோம்.

அந்த ஆண்டின் சிறந்த படமாக அவர் சிரித்த படமே தேர்வாகி, அலுவலக வாசலில் மாட்டப்பட்டது. வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்து, "முகத்துல என்ன ஒரு சந்தோஷம்" என்கிறார்கள். பெட்டிக்குள் என்ன இருந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.